மனைவியின் முதுமாணி

என் மனைவி இஸ்லாமியக் கற்கைகளில் முதுமாணி, அதாவது எம்.ஏ., படிக்கப் போவதாகச் சொன்ன அன்று நான் "மாஷா அல்லாஹ்" என்றேன். வாய்தான் சொன்னது. வயிறு எரிந்தது. ஏழு வருடம் மத்ரஸாவில் தரையில் உட்கார்ந்து கிதாப் ஓதிய மௌலவி நான். ஆனால் பட்டம் இல்லை, அந்த விண்ணப்பப் படிவத்தை என்னால் நிரப்பக்கூட முடியாது. அவள் பாடசாலை ஆசிரியை, பி.ஏ. முடித்தவள். உயிர்க்குறி போடாத அறபில் ஒரு வரி வந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அந்தப் பார்வை இருக்கும்வரை சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சனி, ஞாயிறு விடியப் பஸ் ஏறி அவள் வகுப்புக்குப் போவாள். நான் பிள்ளைகளுக்கு இடியப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் வைத்துவிட்டுப் போன கிதாப் பக்கங்களுக்குப் பொருள் எழுதுவேன். பெயர்தான் உதவி. நான் இல்லாமல் இவளுக்கு ஒரு பக்கம் நகராது என்ற கொழுப்பு உள்ளுக்குள் இருந்தது.

ஊரும் என்னைச் சும்மா விடவில்லை. நான் ஏறாவூரான். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரையும் போலக் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு, காத்தான்குடிக்கு வந்தவன். வாவிப் பக்கத்து ஒழுங்கையில் ஸகாத் கொடுப்பது, கணவனை இழந்தவள் இத்தா இருப்பது என்று எந்த மார்க்கச் சந்தேகம் வந்தாலும் பெண்கள் முன்பெல்லாம் என்னிடம்தான் கேட்டனுப்புவார்கள். ஒருநாள் நான் முன்னறையில் இருக்க, பக்கத்து வீட்டு ராத்தா வாசலில் வந்து நின்றார்.

"மௌலவி, டீச்சர் இரிக்காவா? ஒரு மார்க்க விசயம் கேக்கோணும்."

"என்னட்டக் கேளுங்களன்."

"இல்ல, அவ வரட்டும். அவ பெரிய படிப்பெல்லாம் படிக்கிறா."



அவளுடைய ஆய்வு பெண்களின் கல்வி பற்றியது. அதில் சேர்க்கச் சொல்லி நானே ஒரு நபிமொழி, ஹதீஸ், கொடுத்தேன். பதினைந்து வருடமாக வெள்ளி ஜும்ஆவில் சொல்லி வருவது, சொன்னதும் சபை தலையசைக்கும். மூலம் எது என்று நான் தேடியதே இல்லை. மத்ரஸாவில் என் உஸ்தாத் சொன்னார், நான் சொன்னேன். அவள் மூன்று நாள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டினாள். நாலாம் நாள் பகல், என் சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, நீங்க தந்தது ஹதீஸ் இல்ல. பிறகு வந்த அறிஞர் ஒருத்தர்ர பேச்சு. யாரு யாருக்குச் சென்னாங்க எண்டு நபியவங்க வரைக்கும் போற அறிவிப்பாளர் வரிசை எங்கயும் இல்ல."

"பதினஞ்சு வருசமாச் செல்றன் நான்."

"ஓம். அதான் செல்றன்."

கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனேன். அவள் பிழையாக இருக்க வேண்டும் என்று அஸர் தொழுகைவரை கிதாப்களைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. நபி சொல்லாததை நபி சொன்னதாக மிம்பர் மேடையில் சொன்னது சின்னப் பிழை இல்லை, அங்கேயே நின்று திருத்தியாக வேண்டும். ஆனால் அன்று என்னை அதிகம் குத்தியது அந்தப் பிழை இல்லை, அதைக் கண்டுபிடித்தவள் இவள் என்பது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் சொன்னேன். "இதை நான் ஹதீஸ் என்று சொல்லி வந்தேன். ஆராய்ந்து பார்த்ததில் அது ஹதீஸ் அல்ல. அல்லாஹ் மன்னிக்கட்டும்." தொழுகை முடிந்ததும் ஸலாம் கொடுக்க ஆட்கள் நெருக்கியடித்தார்கள். பள்ளிவாசல் தலைவர் என் தோளைத் தட்டினார்.

"பிழைய ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேணும் மௌலவி. எவ்வளவு ஆராய்ச்சி செஞ்சிருப்பீங்க!"

நான் மறுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "நல்லாத்தான் சென்னீங்க. ஆனா உங்கட வரிசையில ஒரு ஆளக் காணல்லயே" என்றாள்.

அதன்பிறகு இரண்டு வெள்ளி போய்விட்டது. 'என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.' மூன்றே சொல். இரண்டு தடவையும் மிம்பரில் நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் பள்ளித் தலைவர் மரியாதையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நபி மீது ஸலவாத்துச் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனேன்.