இருபத்தைந்தாவது பெட்டி

இது கதை இல்லை. நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. நாத்தனார் ஒருத்தி தன் அண்ணி சொன்னதை அப்படியே நம்புகிறாள் என்றால், அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? எனக்கும் அவளுக்கும் குழம்பில் உப்பு எவ்வளவு என்பதில்கூட இதுவரை ஒத்துப்போனதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. எக்ஸ்ரே படங்களை நானே என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

அண்ணிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு மார்ச்சிலும் வேலையைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்துக்கிடப்பாள். அண்ணன் வியாபாரம் படுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. நாற்பது தாண்டினால் நிரந்தர வேலைக்குத் தகுதி கிடையாது. அந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. நூலகம் என்னென்ன சேவை செய்கிறது, இனி என்ன செய்யப்போகிறது என்று அண்ணிதான் அவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அவளை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாகத் தலைமை நூலகர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்குக் கணக்குப்புலி என்று பட்டப்பெயர். முப்பது வருஷத்தில் அவருடைய இருப்புக் கணக்கு ஒரு தடவைகூட உதைத்ததில்லையாம்.

அந்த நூலகத்தில் புத்தகம் மட்டும் இரவல் கொடுப்பதில்லை. எலும்பும் கொடுப்பார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். முதல் வருஷ மாணவர்கள் படிப்பதற்கு மரப்பெட்டியில் ஒரு பாதி மனிதனின் எலும்புகள் இருக்கும். ஒரு மண்டை ஓடு, முதுகெலும்பு, இடது கை, இடது கால். ஒவ்வொரு எலும்பிலும் பெட்டி எண்ணைக் கறுப்பு மையில் எழுதியிருப்பார்கள். பதிவேட்டில் இப்படி இருபத்து நான்கு பெட்டிகள். வருகிற வருஷத்திலிருந்து பிளாஸ்டிக் மாதிரிகளும் பெரிய தொடுதிரையும் வரப்போகின்றன. நிஜ எலும்புகளை மரியாதையாக அடக்கம் செய்துவிடுவது என்று முடிவு. அதற்கு முன்னால் இருபத்து நான்கு பெட்டியும் முழுசாக இருக்கிறதா என்று குழு எண்ணிப் பார்க்கும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விடுதியை மாற்றும்போது, ரூமைப் பெருக்கும்போது எதையாவது தொலைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் கணக்குப்புலி என்ன செய்வார் தெரியுமா? பீரோவின் அடித்தட்டில் இருபத்தைந்தாவதாக ஒரு பெட்டி இருந்தது. எப்போதோ வந்தது, பதிவேட்டில் ஏறவே இல்லை. தொலைந்த எலும்புக்குப் பதில் அதிலிருந்து ஒன்றை எடுப்பார். பிளேடால் பழைய எண்ணைச் சுரண்டுவார். புது எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார். இட்டு நிரப்புவது என்று அதற்குப் பெயர். முப்பது வருஷக் கணக்கும் உதைக்காமல் இருந்த ரகசியம் இவ்வளவுதான்.

பதினேழாம் பெட்டியில் ஒரு காறை எலும்பு குறைந்தது. கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகுமே, அந்த எலும்பு.

“இதுக்குப் போயி ஏம்மா முழிக்கிற? கீழ பெட்டி இருக்குல்ல. இட்டு நிரப்பிடு” என்றார் அவர்.

“பாவம் இல்லையா சார்?”

“பேப்பர்ல இருபத்து நாலு. கையில இருபத்து நாலு. நடுவுல பாவம் எங்க வந்துச்சு?”

 அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் 1:35. கல்லூரிக்கு விடுமுறை. ஈ காக்கா இல்லை. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் மாடிக்குப் போனாள். படிப்பு அறையின் நீள மேசையில் இருபத்து நான்கு பெட்டிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பித்தளைக் கொக்கி.

2:10. பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து இருபத்தைந்தாவது பெட்டியை இழுத்தாள். காலிப்பெட்டி மாதிரி லேசாக வந்தது. உள்ளே ஒரு மண்டை ஓடு. நாலைந்து விலா எலும்பு. ஒரே ஒரு காறை எலும்பு. அவ்வளவுதான் மிச்சம். மற்றதெல்லாம் மேலே மற்ற பெட்டிகளில் பங்கு போயிருந்தது. அண்ணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எலும்பை எடுத்தாள். சின்ன எலும்பு, மெலிசாக இருந்தது. 25 என்பதைச் சுரண்டினாள். 17 என்று எழுதினாள். ஊதிக் காயவைத்துப் பதினேழாம் பெட்டியில் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

2:25. மூலையில் இருந்த கணினியில் உட்கார்ந்தாள். நாளைக்குக் காட்ட வேண்டியதைத் தட்டினாள். இணைய நூலகம், கட்டுரை தேடித் தரும் சேவை, இருபத்து நான்கு மணி நேர வாசிப்பறை. பிறகு எதிர்காலத் திட்டங்கள். “இந்த மனிதர்கள் அனைவரும் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்படுவார்கள். மொத்தம் 25 பேர்.”

திரையைப் பார்த்தாள். 25 என்று இருந்தது. ‘தூக்கம் சரியில்லை, அதான்’ என்று அழித்து 24 ஆக்கினாள். அடுத்த பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

25.

தன் விரல்தான் தட்டியிருக்க வேண்டும். வேறு யார் தட்டப்போகிறார்கள்?

2:47. டக்.

பின்னால்தான் கேட்டது. திரும்பினாள். பதினேழாம் பெட்டியின் கொக்கி விலகியிருந்தது. சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய் அழுத்தி மாட்டினாள்.

2:58. டக்.

இந்த முறை மூடியும் ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தாள். காறை எலும்பு மற்ற எலும்புகளின் மேலே கிடந்தது. அடியில் வைத்த ஞாபகம். கையில் எடுத்தாள்...

17 இல்லை. சுரண்டிய அதே இடத்தில், பழுப்பேறிய பழைய மையில், 25.

 அண்ணி அப்படியே வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் செருப்பைக்கூடத் தேடியிருக்க மாட்டேன். அவள் கண்ணுக்கு முன்னால் வீடு நின்றது, அண்ணன் நின்றான், நாற்பது வயது நின்றது. மறுபடியும் பிளேடை எடுத்தாள். சுரண்டினாள். எழுதினாள். அவசரத்தில் 17 கோணலாக விழுந்தது.

3:15. மேசைத் தொலைபேசி அடித்தது. உயிர் போய் உயிர் வந்தது.

“மேடம், நான் கீழ செக்யூரிட்டி. மேல உங்ககூட யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லண்ணே. நான் மட்டும்தான். ஏன்?”

“இல்ல... நடக்கற சத்தம் கேக்குது. ரொம்ப நேரமா.”

“நான்தான் நடந்திருப்பேன்.”

“இல்ல மேடம். இது நொண்டி நொண்டி நடக்குது. இப்பக்கூட நடக்குதே...”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் மேல வரட்டுமா மேடம்?”

வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். கையில் பிளேடு. மேசையில் மை. விரலெல்லாம் எலும்புத்தூள். வந்து பார்த்தால் விஷயம் வெளியே போய்விடும். வேலையும் போய்விடும்.

“வேணாம்ணே” என்று வைத்துவிட்டாள்.

3:22. இப்போது அவளுக்கே கேட்டது. புத்தக அடுக்குகளுக்குப் பின்னால்.

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு.

அடுக்குகளின் இடைவெளியில் யாரும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. மேசைப் பக்கம் வந்தது. நின்றது.

டக். முதல் பெட்டியின் கொக்கி.

டக். இரண்டாவது.

டக். மூன்றாவது.

வரிசையாக... ஒன்றுகூட விடாமல்... தன் பொருளைத் தேடுகிற மாதிரி.

பதினாறு.

அதற்கப்புறம் சத்தம் இல்லை.

அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

இடது பக்கம்... கழுத்துக்குக் கீழே... சில்லென்று ஏதோ பட்டது.

ஒரு விரல்.

எலும்பின் மேலேயே மெதுவாகப் போனது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். ஒன்பது வருஷமாக இரவல் கொடுத்தும் வாங்கியும் பழகிய வாய். வேறென்ன வரும்?

“நாளைக்கு ஒரு நாள் மட்டும்... இரவலா எனக்குக் குடு. திருப்பித் தந்துடறேன். சத்தியமா தந்துடறேன்.”

விரல் நின்றது.

எதையோ எடுத்துக்கொண்டது.

3:31. அண்ணி கண்ணைத் திறந்தாள். இருபத்து நான்கு பெட்டியும் மூடியிருந்தன. எல்லாக் கொக்கிகளும் மாட்டியிருந்தன. பதினேழாம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். காறை எலும்பு இருந்தது. கோணல் எழுத்தில் 17. மை காய்ந்திருந்தது.

மறுநாள் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அண்ணி பேசினாள், குழு கை தட்டியது. பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். கணக்கு உதைக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் போனதும் அந்த எலும்பை எடுத்து இருபத்தைந்தாவது பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். பையில் பிளேடும் மையும்கூட வைத்திருந்தாள். ஆனால் குழுத் தலைவி திடீரென்று, “எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் எதுக்குத் தாமதம்? இப்பவே சீல் வெச்சு அனுப்பிடுங்க” என்றாள்.

அண்ணி எழுந்துவிட்டாள். “மேடம், ஒரு நிமிஷம்...”

“என்னம்மா?”

கணக்குப்புலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் சிபாரிசுக் கடிதம் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

“ஒண்ணுமில்ல மேடம்” என்று அண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

12:40க்கு வண்டி புறப்பட்டது. வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. மூன்றாவது வாரம் நிரந்தர ஆணை வந்தது. அண்ணன் வீடு முழுக்க இனிப்புக் கொடுத்தான். அண்ணி ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. திமிர் என்று நான் நினைத்தேன். மனசுக்குள் திட்டவும் செய்தேன், பாவி நான்.

இரண்டு மாதம் போனது. இடது தோளில் குடைச்சல் என்று அண்ணி சொன்னாள். கல்லூரி மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார்.

“காறை எலும்போட உள்முனை இருபத்தஞ்சு வயசுக்கு மேல மூடிக்கும். அப்புறம் வளராது. உங்க வலது பக்கம் மூடியிருக்கு, சரி. இடது பக்கம் மூடவே இல்லியே... இது ஒரு பதினாறு வயசுப் பொண்ணோட எலும்பு மாதிரில்ல இருக்கு?”

வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த மார்புப் படம் பழைய கோப்பில் கிடைத்தது. அதில் இரண்டு பக்கமும் மூடியிருந்தன. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது பக்கம் முறிந்து கூடிய தழும்பும் தெரிந்தது. புதுப் படத்தில் அந்தத் தழும்பு இல்லை.

அன்று வெளியே வந்து, மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். நான் நம்பவில்லை. வா என்று நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருபத்தைந்தாவது பெட்டி பீரோவில்தான் இருந்தது. மூடியின் உள்பக்கம் அரித்துப்போன ஒரு சீட்டு. பெயர் இல்லை. ஊர் இல்லை. ‘பெண், 16’ என்று மட்டும் இருந்தது. அண்ணி இரவலாகக் கேட்ட எலும்பு அவள் உடம்புக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் பதினேழாம் பெட்டியில் புதைந்துபோனது யாருடைய எலும்பு?

“எப்படித் திருப்பிக் குடுக்கறது?” என்று அண்ணி கேட்டாள்.  நான் நிஜமாகவே பயந்துவிட்டேன்.

போன வாரம் மறுபடியும் படம் எடுக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை முழு மார்பும் தோளும். அன்று காலை 9:05க்கு அண்ணிதான் முதல் ஆள். அவளுக்கு முன்னால் யாரும் உள்ளே போகவில்லை. நான் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். உடனே எங்களிடம் திருப்பி நீட்டினார்.

“படத்த மாத்திக் குடுத்துட்டாங்க போல. இது யாரோ சின்னப் பொண்ணு. வலது, இடது எதுவுமே மூடல. ஒரு எலும்புகூட உங்களுது இல்லம்மா.”

படத்தின் மூலையில் அண்ணியின் பெயர் இருந்தது. 9:05 என்று நேரமும் இருந்தது.