மாற்றுச் சட்டை

நீலக் கட்டம் போட்ட அண்ணனின் சட்டையை அம்மா இஸ்திரி போட்டு, ஒரு துண்டோடு சேர்த்து மஞ்சப்பையில் வைத்தாள். "ஈரத்தோட வருவான், மாத்திக்க வேணாமா?" என்றாள். அப்பா வேனைக் கிளப்பினார்.

சிறுசேரி கம்பெனிகளுக்கு அப்பா ஆள் ஏற்றிப் போன வேன் அது. சீட்டுகளைக் கழற்றிப் பாய் விரித்து, அடுப்பும் தண்ணீர் கேனும் ஏற்றி, மீனவக் குப்பங்கள் வழியே கூடாரம் போட்டுத் தங்கித் தங்கிப் போகவேண்டும் என்பது அண்ணனின் திட்டம். கூடாரத்தை வாங்கி வைத்ததும் அவன்தான். பொத்தேரி காலேஜில் கூடப் படித்தவர்களோடு கோவளத்தில் குளிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டது. போலீசும் படகுகளும் தேடி ஓய்ந்த பிறகு, அவன் ஆசைப்பட்ட பயணத்தை அவனில்லாமல் நாங்கள் மூவரும் போனோம்.

ஒரே வேனில் இரண்டு தேடல் நடந்தது. ஒவ்வொரு குப்பத்திலும் அப்பா இறங்கி, அம்மா காதில் விழாத தூரம் போய், "அண்ணாத்த, கரையில ஏதாச்சும் ஒதுங்குச்சா?" என்று கேட்பார். அம்மா ஜன்னலிலிருந்தே, "தம்பி, எம் புள்ள இந்தப் பக்கம் வந்தானா? ஒசரமா இருப்பான்" என்பாள். எனக்கு அப்பாமேல்தான் ஆத்திரம். மனுஷனா இவர்! பெற்ற பிள்ளையைப் பிணமாகத் தேட எப்படித்தான் மனசு வந்தது?

சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒரு குப்பத்தில், "அந்தாண்ட இன்னாவோ ஒதுங்கிக் கீது" என்றார்கள். அப்பா எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓடினார். திரும்பி வந்தவர் சக்கரத்தின் பக்கத்தில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆமை, பாப்பா. செத்த ஆமை" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதார். அவன் அங்கே கிடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் மனுஷன் ஒவ்வொரு கரையிலும் கேட்டிருக்கிறார்.

அண்ணன் கிடைக்கவேயில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் அம்மா மறுபடி போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். என் காரில் கூட்டிப்போனேன். அதே குப்பம். முட்டிவலியில் அவளால் இறங்க முடியவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வா" என்றாள். மடியில் அந்தச் சட்டை.

படகோரம் நின்ற பெரியவரிடம் போனேன். நாக்கு நுனியில் அப்பாவின் கேள்வி நின்றது. திரும்பிப் பார்த்தேன், அம்மா ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் இந்தப் பக்கம் வந்துச்சாங்க? ஒசரமா இருக்கும்" என்று அவள் காதில் விழும்படி கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"இன்னிக்கு வரலம்மா" என்றார், அவரும் சத்தமாகவே.

அம்மா சட்டையை ஒருதரம் உதறி, மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.