நிருபன் செய்த இரட்டைக் கண்ணாடி

நிருபன் கட்டாரில் எட்டு வருடம் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தவன். இருந்தவன் என்பதுதான் சரி. மற்றவர்கள் செய்து முடித்த கண்ணாடிகளை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்தான். சொந்த ஊரான கப்பல்துறைக்குத் திரும்பியதும் தன்னை டெக்னீசியன் என்றான். வெளிநாட்டில் இருந்து வந்தவனை இங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஜவாஹிர் முதலாளியும் கேட்கவில்லை. கண்டி வீதியோரம் தொடங்கிய தன் பட்டறைக்கு அவனை மேற்பார்வையாளனாக்கினார்.

பட்டறையில் செய்வது இரட்டைக் கண்ணாடி. கடலுக்காகக் காசு கொடுத்து வந்து, கடற்காற்றைச் சகிக்க முடியாமல் ஏசி போட்டுப் படுக்கிறவர்களுக்காக விடுதிக்காரர்கள் வாங்குவது. இரண்டு கண்ணாடிகளைக் கழுவி உலர்த்த வேண்டும். நடுவே, உள்ளே வெறுமையான அலுமினியச் சட்டத்தை வைத்து, ஓரங்களைக் கறுப்புப் பசையால் அடைக்க வேண்டும். சட்டத்துக்குள் கடுகளவு வெள்ளை மணிகள் இருக்கும். அடைபட்ட காற்றின் ஈரத்தை அவை குடித்துவிடும். வேலை அவ்வளவுதான். அதையும் கெடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை அரைநாள். சனி காலையில் முதலாளி வருவார். வேலை குவிந்து கிடப்பதாக அவருக்குத் தெரிய வேண்டும் என்று, வியாழன் பின்னேரமே நிருபன் எல்லாச் சட்டங்களிலும் மணி நிரப்பி மேசையில் அடுக்க வைப்பான். சட்டத்தின் உட்பக்கம் முழுக்க ஊசித்துளைகள். துறைமுகத்துக் காற்று ஒன்றரை நாள் அதற்குள் போய்வரும். கண்ணாடி கழுவுவதும் மணி நிரப்புவதும் குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் நஸ்ரியா. மணி அடைத்து வரும் வாளியில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, நிரப்பினால் உடனே அடைக்க வேண்டுமாம் என்று சொன்னாள்.

"தங்கச்சி, கட்டாரில நான் பாக்காத வாளியா?" என்றான். பார்த்திருக்கிறான்தான்.

நிலாவெளி விடுதியொன்றில் பொருத்திய பதினெட்டுக் கண்ணாடிகளும் மூன்றாம் மாதம் உள்ளுக்குள் வியர்த்தன. துடைக்க முடியாத இடத்தில் வியர்வை. முதலாளி பட்டறைக்கு வந்து, பிழை செய்தவர் இன்றோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். நிருபன் யோசிக்கவே இல்லை. நஸ்ரியா கண்ணாடியைச் சரியாக உலர்த்துவதில்லை என்றான்.

வாதாடினால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கோப்பைகளை எடுத்தாள். ஒன்றில் அப்போதுதான் மூடி திறந்த வாளியின் மணி. மற்றதில் வியாழக்கிழமைச் சட்டத்திலிருந்து கொட்டிய மணி. இரண்டிலும் தண்ணீர் ஊற்றி முதலாளியிடம் நீட்டினாள். ஒன்று கையைச் சுட்டது. மற்றது சும்மா இருந்தது.

முதலாளி இரண்டையும் நிருபனிடம் கொடுத்தார்.

"தம்பி, இதில எது நல்ல மணி?"

அவன் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். "குளிர்ந்து கிடக்கிறதுதான் முதலாளி. குளிருக்குத்தானே இந்தக் கண்ணாடி."

"ஈரத்தைக் குடிக்கேக்கதான் அண்ணன் அது சுடும்" என்றாள் நஸ்ரியா. "உங்கட மணி வியாழக்கிழமையே வயிறு முட்டக் குடிச்சிட்டுது."

வீட்டுக்குப் போனது நிருபன். நேராகப் போகவில்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்து, பட்டறையை இனி அந்தப் பிள்ளையே பார்க்கும், எல்லாம் நான்தான் பழக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.