கடைசி முப்பது விநாடி

என் வீட்டுக்காரருக்கு இருட்டில்தான் வேலை. கோளரங்கத்தில் கதவைச் சாத்துவதும் விளக்கை இறக்கி ஏற்றுவதும் அவர் பொறுப்பு. இருபத்து மூன்று வருஷமாக, ஒரு நாளைக்கு நான்கு காட்சி. விளக்கைச் சட்டென்று அணைத்துவிடக் கூடாது. பார்க்கிறவர்கள் கண் பழக வேண்டும் என்பதால் குமிழை மெல்ல மெல்லத் திருக வேண்டும். காட்சி முடிந்ததும் பொழுது புலர்வதுபோல வெளிச்சத்தை ஏற்ற வேண்டும். அதில் அவர் கை அவ்வளவு பதம். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு விடியல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். "மணி பத்தாச்சு, விடியல் இன்னும் வரலையே!" என்று தினமும் ஒரு கேலி.

சாதுவான மனுஷர்தான், ஆனால் காலில் சக்கரம் கட்டினவர். போட்ட சட்டையைக் கழற்றி மறுபடியும் இஸ்திரி போடுவார். கட்டிலைச் சுவரோரம் தள்ளுவார், மறுநாள் ஜன்னல் பக்கம் இழுப்பார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பேன்.

காட்சியில் ஒரு குரல் பதிவு ஓடும். பழைய பதிவின் முடிவு எனக்கே மனப்பாடம், வீட்டில் அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார். அண்டம் விரிந்துகொண்டே போகிறது. ஒரு காலத்தில் அது ஓய்ந்து, சிதறினதெல்லாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். பதிவில் 'வரலாம்' என்றுதான் இருந்தது. இவர் வாயில் அது 'வரும்' ஆகிவிடும். எனக்கும் அது பிடித்திருந்தது. படைத்தவன் கையை விரித்தான், மூடுவான் என்று நினைத்துக்கொள்வேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஒரே மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற தொழிற்சாலையில் கீறல் பார்க்கிற வேலை. இவருக்கு அனுப்ப மனசில்லை. அவளோ பிடித்த பிடியை விடவில்லை. பெட்டியோடு வாசலில் நின்றவளைப் பார்த்து இவர் சொன்னார்: "போ, போ. போனதெல்லாம் திரும்பித்தான் ஆகணும். நீயும் வருவ."

அவள் முகம் சுண்டிப்போனது. "தோத்துட்டு வந்து நிப்பேன்னு சொல்றீங்களாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. எனக்கு மட்டும் போன் வரும். முதலில் தினமும் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாசத்துக்கு ஒன்று. "நீங்க ஒரு வார்த்தை பேசினா என்னங்க, வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டால், "வருவா. எதுக்கு அவசரம்?" என்பார். அந்தப் பதிவை நம்பியே நான்கு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இந்த வருஷம் புதுப் பதிவு வந்தது. விரிவது ஓயவில்லையாம், வேகம் கூடிக்கொண்டே போகிறதாம். என்னவென்று தெரியாத ஒன்று தள்ளுகிறதாம், அதற்கு இருண்ட ஆற்றல் என்று பேராம். எட்ட இருப்பது இன்னும் வேகமாக எட்டப் போகிறது. எண்ண முடியாத காலத்துக்கு அப்புறம் தூரத்து நட்சத்திரக் கூட்டமெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். இருக்கிற நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாக அவிந்துபோகும். அதைக் காட்டக் கடைசி முப்பது விநாடி கும்மிருட்டு. ஒரு சத்தமும் கிடையாது. அதற்குப் பிறகுதான் விளக்கை ஏற்ற வேண்டும்.

அதே வாரம் மகள் போன் செய்தாள். "அம்மா, என்னைக் கடல் தாண்டி இருக்கிற கிளைக்கு அனுப்புறாங்க. இருபதாம் தேதி கிளம்பறேன். அப்பா இருக்காரா?"

கதவருகே குலுங்கிக்கொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது. நான் போனை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"வேலைக்குப் போயிட்டாரும்மா," என்றேன். ஆண்டவன் மன்னிக்கட்டும்.

"சரிம்மா," என்றாள் அவள். "சாவிச் சத்தம் கேட்டுச்சு." வைத்துவிட்டாள்.

அதிலிருந்து அவருக்கு அந்த முப்பது விநாடி தாங்கவில்லை. பதினைந்து எண்ணுவதற்குள் கை தானாகக் குமிழைத் திருகிவிடும். பார்க்க வந்தவர்கள் புகார் எழுதினார்கள். மேலாளர் முதல் தடவை சிரித்தார்: "உங்களுக்கு என்ன அவசரம் விடியல்? அண்டம் முடியறதுக்குள்ள லைட்டப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடறீங்களே!" மூன்றாம் தடவை அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை நடந்தால் வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான் என்றார்.

வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தபடி எழுந்து போய் நாள்காட்டியைப் பார்ப்பார். பதினொன்று, பன்னிரண்டு. "இருபதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொள்வார். இவர் பேசாமலே அவள் விமானம் ஏறிவிட்டால், வாசலில் சொன்ன அந்தப் பேச்சு அப்படியே கெட்டிப்பட்டுவிடும்.

சனிக்கிழமைகளில் காட்சி முடிந்ததும் ஒரு பேராசிரியை வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். சாப்பாட்டுத் தூக்கோடு நான் போயிருந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. இவர் அந்த அம்மாவை வழிமறித்து நின்றார்.

"அம்மா, அப்போ எதுவுமே திரும்பி வராதா?"

"இப்ப அளந்த வரைக்கும் வராதுங்க. அந்தத் தள்ளுற வேகம் குறையுதோன்னு புதுசா ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா அத நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"எது தள்ளுதுன்னே தெரியாதாம். ஆனா பேர் மட்டும் வச்சாச்சு!"

பேராசிரியை சிரித்துவிட்டார். "பேர் வச்சாத்தானே தேட முடியும்?"

"அண்டம் என்ன வடிவம்மா? இந்தக் கூரை மாதிரி உருண்டையா?"

"தெரிஞ்ச வரைக்கும் தட்டைங்க. போனது வளைஞ்சு சுத்தி வந்து நம்ம முதுகுல தட்டும்னு எதிர்பார்க்க முடியாது."

இவர் கூரையையே பார்த்தார். சாவி ஒன்றோடொன்று உரசியது. "அப்போ எல்லாமே பிரிஞ்சுதான் போகணுமா?"

"எல்லாம் இல்ல. கிட்ட இருக்கிறத ஈர்ப்பு பிடிச்சு வச்சிருக்கு. நம்ம நட்சத்திரக் கூட்டமும் பக்கத்துல இருக்கிறதும் பிரியாது. பிடி எட்டாத தூரத்துக்குப் போனதுதான் போயிடும்."

"எட்டாத தூரம்," என்றார். தூக்கை வாங்காமலே மேலாளர் அறைக்குப் போய் இரண்டு நாள் லீவு கேட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

மகள் ஊருக்குப் பஸ் ஏற நானும் கிளம்பினேன். "நீ வேணாம்," என்றார். "நீ வந்தா நீதான் பேசுவ."

அங்கே நடந்தது மகள் சொல்லித்தான் தெரியும். தொழிற்சாலை வாசலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தாராம். காவலாளி சந்தேகப்பட்டு உள்ளே சொல்லியிருக்கிறார்: "ஒரு கொத்து சாவியோட யாரோ சுத்துறான், பூட்டு உடைக்கிற ஆளு போல." சாவிக்கொத்து என்றதும் மகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா," என்றாராம் இவர், நின்ற இடத்திலேயே. "நீ திரும்பி வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. நான் வர்றேன்."

"கடல் தாண்டியா? பஸ்ஸுலயே வாந்தி எடுத்திருக்கீங்க. சட்டை சொல்லுதே."

"கழுவிட்டேனே."

"கீறல் பார்க்கிறவகிட்டயா?" என்று சொல்லி அவள் அழுதுவிட்டாளாம். அவர் அழுதாரா என்று கேட்டேன். நடந்துகொண்டே இருந்தார், முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

இருபதாம் தேதி அவள் போய்விட்டாள். ஞாயிறுதோறும் போன் வருகிறது. இவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். எனக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கிறது. சண்டையும் நடக்கிறது. போன வாரம் இவர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வந்தார். போட்டோவிலும் தலை கொஞ்சம் அசைந்துதான் இருக்கிறது.

நேற்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து காட்சி பார்த்தேன். நட்சத்திரங்கள் அவிந்தன. இருட்டு வந்தது. ஆண்டவனே, இந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று வேண்டியபடி எண்ணினேன். பதினைந்து தாண்டியது. குமிழ் பக்கத்தில் சாவிக்கொத்து கிடுகிடுவென்று குலுங்கியது.

முன்வரிசையில் யாரோ ஒரு பெண் எழுந்திருக்கப் பார்த்தாள். "முடிஞ்சுதாங்க?"

"இன்னும் பத்து விநாடி இருக்கும்மா," என்றது அவர் குரல். "உக்காருங்க. நானும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."