தப்பு என்னோடது என்று சொன்ன எங்கள் அக்கா

செந்தூல் ரயில்வே குடியிருப்பில் மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அக்கா, சிறுநீரக நோயால் எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது.

ரயில்வே பட்டறையில் வேலை செய்த அப்பா காலமானபோது அக்கா பள்ளியில் ஐந்தாம் படிவத்தை அப்போதுதான் முடித்திருந்தார். அம்மாவையும் என்னையும் தம்பியையும் காப்பாற்ற, பிரிக்பீல்ட்சில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். மாலை வகுப்பில் மின்னணுவியல் படித்து, தொலைபேசி இணைப்பு இயந்திரங்களையே பொருத்தும் டெக்னிஷியன் ஆனார். அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "இவ படிச்சி முடிக்கட்டும்மா" என்று என்னைக் காட்டுவார். நான் முடித்தேன், தம்பியைக் காட்டினார்.

தொண்ணூறுகளின் இறுதியில், கிள்ளானில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு லினக்ஸ் என்ற கணினி மென்பொருளில் இயங்கும் சிறிய தொலைபேசி இணைப்பகத்தை அக்கா பொருத்தினார். மின்சாரம் போனால் அதன் மின்னணுக் கார்டுகளின் நினைவகம் காலியாகிவிடும். இயந்திரம் மீண்டும் இயங்கும்போதெல்லாம் ஃபர்ம்வேர் என்னும் இயக்கு மென்பொருளை அவற்றில் ஏற்ற வேண்டும். முதல் நாள் அக்கா தாமே கட்டளையைத் தட்டி ஏற்றினார். எல்லாத் தொலைபேசிகளும் ஒலித்தன. அதைத் தானாகவே ஏற்றச் சொல்லும் ஒரு வரியை எழுத மறந்துவிட்டார்.

சில வாரங்களில், ஒரு மழைப் பிற்பகலில் மின்சாரம் போய் வந்தது. தொலைபேசிகள் ஊமையாயின. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு. தாதி ஒருவர் நனைந்தபடி எதிர்க் கடைக்கு ஓடி, அங்கிருந்த தொலைபேசியில் மருத்துவரை அழைத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலை, விடுமுறையிலிருந்த நானும் அக்காவின் முதலாளியுடைய காரில் அவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்றேன்.

"பழிய கரண்ட் மேல போட்டுடு லா. அவங்களுக்கு என்னா தெரியும்?" என்றார் முதலாளி.

போய்ச் சேர்ந்ததும் அக்கா அந்த வரியை எழுதினார். தலைமைத் தாதியான மேட்ரன் முன்னிலையில் இயந்திரத்தை மூன்று முறை அணைத்துப் போட்டுக் காட்டினார். பிறகு, "கரண்ட்டால இல்ல மேட்ரன். நான் ஒரு வரி எழுத மறந்துட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

"அந்தப் பொண்ணு செத்திருந்தா என்னாம்மா சொல்லியிருப்பே?" என்று கேட்டார் மேட்ரன்.

"இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா.

அந்தத் தாயிடமும் சென்று மன்னிப்புக் கேட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரமே அக்காவுக்கு வேலை போயிற்று.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேக்கா" என்று நான் கத்தினேன்.

"நான் போட்ட மெஷின் இன்னும் எட்டு எடத்துல இருக்கு. போய்ப் பாக்கணும்" என்றார்.

பஸ் ஏறி ஒவ்வோர் இடமாகப் போய்ச் சோதித்தார். அம்பாங்கில் ஒரு முதியோர் இல்லத்திலும் அந்த வரி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதார். பின்னர் வேறு வேலை கிடைத்தது; நோயும் உடன் வந்தது.

கடைசி வாரத்தில் என்னிடம், "நம்மள பாத்துக்கிட்டவங்க பேர எல்லாம் எழுதி வெச்சுக்கோ. ஒருத்தரையும் விட்டுடாத" என்றார்.

டயாலிசிசுக்கு வாரம் மூன்று முறை காரில் அழைத்துச் சென்ற அக்காவின் நண்பர் அஸ்மான், பொறுமையாகக் கவனித்த தாதியர், அம்மாவுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு மேரி ஆன்டி, இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. யார் பெயரேனும் விடுபட்டிருந்தால், அந்தத் தவறு என்னுடையது.