ஒற்றைப் பலகையில் வலது கால்

ஓக்லாவில் யமுனைக் கரையில் இருந்த ஒரு படகு கிளப்பில் நான் படகு கழுவுகிற ஆள். பெட்ரோல் ஊற்றுவது, கயிறு சுற்றி வைப்பது, படகின் பின்னால் தண்ணீரில் சறுக்க வரும் உறுப்பினர்களின் காலில் பலகையை மாட்டிவிடுவது என்று நாள் போகும். சறுக்கச் சொல்லிக் கொடுப்பதற்குத் தனியாக ஒருவர் இருந்தார். படகுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறை அந்த வேலைக்கு உரியது. அவருக்கு ஊருக்குள் வீடு இருந்ததால் அந்த அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எழுபதுகளின் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார்.

செக்ரட்டரி சாஹப் என்னைக் கூப்பிட்டனுப்பினார். படகைச் சோதித்துப் பார்க்கும்போது நான் இரண்டு பலகையில் சறுக்குவதை அவர் பார்த்திருக்கிறார். மழையில் ஆறு பெருகுவதற்குள் ஒற்றைப் பலகையும் பழகிவிட்டால் அந்த வேலை எனக்கு, அறையும் எங்களுக்கே. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும், அவனுக்கு அறை வேண்டும் என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவன். சரியென்று தலையை ஆட்டினேன்.

பலகை புதிது. உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கிளப்புக்குக் கொடுத்தது. அடியில் வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு. மேலே முன்காலுக்கு ஒரு ரப்பர் செருப்பு, அதற்குப் பின்னால் மற்றக் காலை நுழைக்க ஒரு பட்டை. செருப்பை எந்தக் காலுக்கென்று பார்த்து, சற்றே கோணம் வைத்துத் திருகாணி போட வேண்டும். திருகாணி போடுமுன்பே என் மனைவி பலகையின் நுனியில் குங்குமம் வைத்துவிட்டாள்.

படகு ஓட்டுகிற சர்தார்ஜி என்னைத் துறை மேடையில் நிறுத்தினார்.

"அரே மதராசி, நேரா நில்லு. பின்னாலிருந்து தள்ளுவேன். எந்தக் கால் முன்னால போகுதோ அதுதான் செருப்புக் கால். அச்சா?"

புது வேலை, புதுப் பலகை. வீடானாலும் கடையானாலும் வலது காலை எடுத்து வைத்தே நுழைந்து பழகியவன் நான். அவர் கை முதுகில் படுவதற்குள்ளேயே வலது கால் முன்னால் போய் நின்றுவிட்டது. "வலது!" என்று சொல்லிவிட்டு அவர் திருகாணியை எடுத்தார்.

உறுப்பினர்கள் பார்க்கக் கூடாதென்று விடியும்போதே இறங்குவோம். ரப்பரில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் காலை நுழைத்து, தண்ணீரில் குந்தி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கயிற்றைப் பிடிப்பேன். படகு இழுக்கும். பலகை மேலே வரும், உடனே ஒரு பக்கமாகப் புரளும். முகம் தண்ணீரில் அறையும். கோடையில் அந்த ஆற்றில் தண்ணீரைவிடச் சாக்கடை அதிகம். மூக்கிலும் வாயிலும் அதுதான் போகும். ஒருநாள் செத்த எருமை ஒன்று நுரையோடு எனக்குப் பக்கத்தில் மிதந்து போனது.

"என்ன மதராசி, அடியில மீன் ஏதாவது கிடைச்சுதா?" என்பார் சர்தார்ஜி.

செருப்பை ஒரு துளை முன்னே தள்ளினோம், பின்னே இழுத்தோம். தகட்டை இறக்கிப் பார்த்தோம். பலகை மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். காலில் ஏதோ ஒவ்வவில்லை என்று எனக்குள் தோன்றிக்கொண்டே இருந்தது. சொன்னால் சாக்குப் போக்கு என்பார்களோ என்று சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் விழுந்தபோது வலது கால் செருப்பிலிருந்து கழலவில்லை. பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயைச் சூடு பண்ணி மனைவி தேய்த்தாள்.

"வேண்டாம்னு சொல்லிருங்களேன். ரூம்பு போனாப் போவுது."

"எங்க போறது?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

வீக்கம் வடியுமுன்பே, பழுது பார்த்து வந்த ஒரு படகைச் சோதிக்க வேண்டியிருந்தது. பழைய இரண்டு பலகைகளில் நின்றேன். பாதி தூரத்தில் வலது முழங்கால் தாங்கவில்லை. வலி பொறுக்காமல் அந்தக் காலைப் பலகையோடு தூக்கிக்கொண்டேன். இடது காலில் மட்டும் நின்றேன். ஆடவில்லை. கரை வரும்வரை அப்படியே வந்தேன். திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓயே! உன் கால் இடது கால்டா! அன்னைக்கு ஏன் வலதை வெச்சே?"

நான் குனிந்து காலிலிருந்த பலகையைக் கழற்றினேன். அன்று மாலையே அவர் செருப்பை இடது காலுக்குத் திருப்பிப் பொருத்தினார்.

மறுநாள் காலை முதல் இழுப்பிலேயே எழுந்துவிட்டேன். அத்தனை நாள் என்னைப் புரட்டிப் போட்ட பலகை காலடியில் அமைதியாக ஓடியது. சர்தார்ஜி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். செக்ரட்டரி சாஹப் மேடைக்கு வந்து, படகுக்கு வலமும் இடமும் வளைந்து காட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். வளையும்போது பாரமெல்லாம் பின்காலுக்கு வந்துவிடும். இப்போது பின்கால் வலது கால். முதல் வளைவிலேயே முழங்கால் மடிந்தது. மறுபடி இறங்கினேன். மறுபடியும் மடிந்தது. மூன்றாம் தடவை அவரே வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டார்.

"எழுந்து நின்றது நன்றாக இருந்தது. ஆனால் சொல்லிக் கொடுப்பவனுக்கு வளையத் தெரிய வேண்டுமே" என்று மெதுவாகத்தான் சொன்னார். படகு கழுவும் வேலையில் தொடரலாம், அறையை மட்டும் வருகிற ஆளுக்கு விட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்த முழங்கால் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை.

அறைக்குப் போனேன். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"ஆரன் சத்தம் கேட்டுச்சே. எந்திரிச்சிட்டீகளா?"

"எந்திரிச்சிட்டேன்."

"பெறகென்ன, வேலை நமக்குத்தானே?"

நான் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், காயப் போட்டிருந்த துணிகளை ஈரத்தோடு எடுத்து மடிக்கத் தொடங்கினாள். துணியெல்லாம் எடுத்தபின் கொடிக்கயிற்றையும் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.