கரடிப் படத்துக்குக் கீழே ஓடிய பெயர்

"ஒரு சாவை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?"

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்கப் போன என்னிடம் கடைக்காரர் தேவஇரக்கம் இப்படிக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய கதையை முழுதாகக் கேட்ட பிறகுதான் கேள்வியே புரிந்தது. கேட்டதை இங்கே எழுதுகிறேன்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், இப்போது அந்த ஜெராக்ஸ் கடை இருக்கிற இடத்துக்கு மேல்மாடியில், ஒரு காலத்தில் உள்ளூர் கேபிள் டிவியின் கண்ட்ரோல் ரூம் இருந்தது. நடத்தியவர் தேவஇரக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு நேராக மாடி ஏறிவிடுவார். பத்து மணிக்குக் கரடிப் படம் போட்டாக வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் தெருத்தெருவாகப் பிள்ளைகள் கத்துவது மாடிக்கே கேட்கும்.

கரடிப் படம் என்பது ஊர் வைத்த பெயர். எந்த நாட்டுக்காரர் எந்தக் காலத்தில் வரைந்ததோ, தேவஇரக்கத்துக்கே தெரியாது. பேச்சு கிடையாது, தாளமும் பீப்பியும்தான். ஒரு குண்டுக் கரடியை ஒரு குளவி விரட்டிக்கொண்டே இருக்கும். கரடி ரோடு ரோலரில் அப்பளமாக நசுங்கும், கிணற்றில் விழும், வெடி வெடித்துக் கரியாகும். அடுத்த நிமிஷம் உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடும். ஒரு படம் ஏழு நிமிஷம்.

படத்துக்குக் கீழே எழுத்து ஓடும். ஸ்க்ரோலிங் என்பார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மண்ணெண்ணெய் வரும் நாள், கரண்ட் நிற்கும் தெரு, அந்த வாரம் பிறந்தநாள் வரும் பிள்ளைகளுக்கு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே வரிசையில் ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். ஓரத்தில் மணி காட்டும். விளம்பரம் கொடுத்தவர்கள், "எங்க வரி எத்தனை தடவை ஓடுச்சு, காட்டு" என்று கேட்டதால், ஓடுவதை அப்படியே இன்னொரு வீடியோ டெக்கில் பதிந்து தேதி எழுதி வைப்பார். அப்படிச் சேர்ந்த கேசட்டுகள் இருநூற்றுக்கும் மேல்.

உள்ளூர் கேபிள் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. கேசட்டுகள் பூசணம் பிடிக்கும் முன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று போன வருஷம் தேவஇரக்கம் உட்கார்ந்தார். ஏற்றும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க ஒரு நோட்டுப் போட்டார். இடது பக்கம் கரடி அன்றைக்கு என்ன செய்தது என்று எழுதுவார். வலது பக்கம் அந்த வாரம் உலகத்தில் என்ன நடந்தது என்று எழுதுவார்.

கரடி வெடியை விழுங்கியது. அந்த வாரம் போக்ரானில் அணுகுண்டு சோதனை. கரடி தும்மியதில் வீடு இடிந்தது. இரண்டு நாள் முன்னால் குஜராத் பூகம்பம். கீழே, சர்ச்சில் அரிசி சேர்க்கிறார்கள் என்ற வரி. 2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிறு: கரடி தொட்டியில் நீச்சல் படித்துக்கொண்டிருந்தது. பத்து மணியிலிருந்து கீழே கேக் விளம்பரம். பத்து நாற்பதுக்குத்தான் அவரே அடித்த வரி வந்தது: சென்னையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாகத் தகவல். மேலே கரடி வாயிலிருந்து தண்ணீரைக் குழாய்போலப் பீச்சிக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி ஏசம்மாள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "கரடிப் படம் பாத்து அழுற ஆளை நான் இப்பத்தான் பாக்கேன். பேரன் கூட இதைப் பாத்துச் சிரிக்கத்தான் செய்வான்."

"நான் கரடியப் பாக்கல."

"பொறவு? குளவியப் பாக்கீகளா?"

அவர் அடுத்த கேசட்டைப் போட்டார். அந்தப் பீப்பிச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகாமல் இருந்தது. குளிக்கும்போது கேட்டது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் கேட்டது.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் அவர் போடவில்லை. 11.7.1999 என்று தேதி. பாலிதீன் பையில் சுற்றி, கயிறு கட்டி, பீரோவின் மேல் வைத்திருந்தார். நோட்டில் அந்தத் தேதிக்கு வலது பக்கம் 'கார்கில்' என்று எழுதியிருந்தார். இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த ஞாயிறு பத்தேகாலுக்கு முன்னால் ஜெயபாண்டி மாடி ஏறி வந்தார். ஓய்வுபெற்ற ஹவில்தார், ஊரில் முன்னாள் ராணுவத்தார் சங்கம் அவர் கையில்தான். அவர் வீட்டுக்குத்தான் படைப்பிரிவிலிருந்து போன் வந்திருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"தம்பி, நம்ம சேதுபதி போயிட்டான்டா. இன்னும் வீட்டுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்லிருதேன். நீ செத்த நேரம் கழிச்சு இதை ஓட விடு."

அதுதான் ஊர்ப் பழக்கம். சீட்டுக் கொண்டு வருகிறவர் முதலில் வீட்டுக்குப் போவார். எழுத்து பின்னால் ஓடும். சேதுபதிக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். மகள் படிப்புக்காக மனைவி வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் வாடகைக்கு இருந்தார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

செத்த நேரம் என்றால் எவ்வளவு? தேவஇரக்கத்துக்கு நேரத்தை அளக்க ஒரே அளவுதான் தெரியும். ஒரு கரடிப் படம். ஏழு நிமிஷத்தில் இரண்டு தெருவை நொண்டிக்கொண்டுகூடக் கடந்துவிடலாம். ஒரு படம் ஓடும் நேரம் பொறுத்து வரியைச் சேர்த்துவிட்டார்.

ஜெயபாண்டி அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. எல்லையில் பத்தொன்பது வருஷம் நின்ற மனுஷன், தெருமுனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீயை வாங்கிக் கையில் வைத்தபடியே இருந்தாராம். அழுகைச் சத்தம் கேட்டபோதுதான் எழுந்தாராம்.

வீட்டில் சேதியைச் சொன்னது டிவி. டிவியை வாசித்தது சேதுபதியின் மகள், ஆறு வயதுகூட நிறையாத மாரீஸ்வரி. எழுத்துக் கூட்டி அப்பா பெயரை வாசித்து, கைதட்டிச் சிரித்தாள் என்று ஊர் சொன்னது. தேவஇரக்கம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெயபாண்டியும் அவரும் அதன் பிறகு இருபது வருஷம் ஒரே ஊரில் இருந்தார்கள்; ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஜெயபாண்டியும் போய்ச் சேர்ந்தார். அன்றும் அந்த டீக்கடைப் பெஞ்சுதான் தேவஇரக்கத்தின் கண்ணில் நின்றது.

தனக்குத் தானே அவர் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: விஷயம் தெரிந்து தான் எடுக்கும் முன் அந்த வரி இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும், அதிகம் போனால் மூன்று. கேசட்டைப் போட்டால் ஓரத்தில் மணி இருக்கும். அதனால்தான் கயிறு.

இந்த ஆவணியில், கடைக்கு வந்த யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டரில் ஓடிய கரடிப் படத்தைப் போனில் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார். அது குரூப் குரூப்பாகச் சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வரை போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு பெண் கடைப் படி ஏறினாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் பை.

"அண்ணாச்சி, கரடிப் படக் கேசட்டெல்லாம் உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா தாயி. உக்காருங்க. நீங்க யாரு?"

"மாரீஸ்வரி. கோர்ட்ல டைப்பிஸ்ட்டா இருக்கேன். சேதுபதி மக."

மெஷினில் ஓடிக்கொண்டிருந்த தாள் சிக்கிக்கொண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

உள்ளே இருந்து ஏசம்மாள் எட்டிப் பார்த்து, கணவர் முகத்தையும் வந்தவள் முகத்தையும் பார்த்துவிட்டு, வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார். "அந்த ஒரு கேசட்டத்தான் இவிய சாமிபடம் மாதிரி மேல வச்சிருக்காக. எடுத்துக் குடுங்க. இன்னும் எம்புட்டு நாளைக்கு?"

மாரீஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்கறது ரெண்டுதான், அண்ணாச்சி. அப்பா பேரை வாசிச்சேன். சிரிச்சேன். அம்மா மாவுக் கையோட ஓடி வந்தப்பவும் நான் சிரிச்சிட்டிருந்தேனாம். இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும் அம்மா சொல்லும், 'அப்பன் செத்ததைச் சிரிச்சு வாசிச்ச புள்ள'ன்னு. திட்டிச் சொல்லாது. சும்மா சொல்லும். அதுதான் தாங்க முடியல. நான் எதப் பாத்துச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியணும்."

தேவஇரக்கம் ஸ்டூல் போட்டு ஏறினார். முடிச்சு அவிழவில்லை, ஏசம்மாள் கத்தரிக்கோல் கொடுத்தார்.

திரையில் பத்து மணி. கரடி ஒரு பந்தல் போட்டுக்கொண்டிருந்தது. கீழே சேலை, மண்ணெண்ணெய், ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. பிறகு இந்த வரி வந்தது:

'புதன்கிழமை ஆறு வயது நிறையும் மாரீஸ்வரிக்கு அப்பா சேதுபதியின் (ராணுவம்) வாழ்த்துகள். அம்மாவோடு சண்டை போடாமல் சோறு சாப்பிடவும்.'

கரடி பந்தலோடு சரிந்தது. குளவி போனது, வந்தது. வரிசை முடிந்து மறுபடி அதே வரி வந்தது.

"இது எப்படி?" என்றாள் மாரீஸ்வரி.

தேவஇரக்கம் தலையைப் பிடித்துக்கொண்டார். "லெட்டர் வந்திருக்கும் தாயி. பிறந்தநாள் லெட்டர் வாரம் இருபது வரும். சனிக்கிழமை உக்காந்து மொத்தமா அடிப்பேன். கை அடிக்கும், மனசு வாசிக்காது. மறுநாள் சாவுச் சீட்டு வந்தப்ப அதையும் அப்படியே கடைசியில சேத்தேன். மேல என்ன பேரு ஓடுதுன்னு நான் பாக்கவே இல்ல."

பத்து பத்தொன்பதுக்கு மற்ற வரி வந்தது. 'கார்கில் போரில் வீரமரணம் அடைந்த நம் ஊர் நாயக் சேதுபதி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' கரடி அப்போது ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டிருந்தது. அஞ்சலி போனது. சேலை வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, ஆண்டுவிழா வந்தது. மறுபடி அப்பாவின் வாழ்த்து. மறுபடி அஞ்சலி. ஒரே பெயர் ஒரு முறை சோறு சாப்பிடச் சொன்னது, ஒரு முறை செத்தது. கரடியைக் குளவி விரட்டுவதுபோல ஒன்றின் பின்னால் ஒன்று போய்க்கொண்டே இருந்தது.

தேவஇரக்கம் நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதீங்க."

பத்து முப்பத்தெட்டுக்குத்தான் அஞ்சலி வரி மறைந்தது. பத்தொன்பது நிமிஷம். வாழ்த்து வரி மட்டும் பதினொன்று வரை ஓடியது. அதை எடுக்க அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

"தாயி, இது நான் செஞ்சது. ஜெயபாண்டி அண்ணன் மேல பழியப் போட்டே இத்தனை காலம் தூங்கினேன்."

"ஆமா, நீங்கதான்," என்றாள் மாரீஸ்வரி. அவரைத் தேற்றுகிற மாதிரி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இந்த வரியத்தான் நான் வாசிச்சேன். டிவியில எம் பேரு வந்துச்சு, அதான் சிரிச்சேன். அம்மா வந்து பாக்கும்போது மத்தது ஓடியிருக்கு. எனக்கு ஒரு காப்பி வேணும்."

"வாழ்த்து வாரதை மட்டும் வெட்டித் தரட்டுமா?"

"வேண்டாம். முழுசாக் குடுங்க. அம்மா மணியப் பாக்கணும். எது முதல்ல ஓடுச்சுன்னு தெரியணும்."

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அவள் அன்றைக்கே, அம்மா இப்போது இருக்கிற தளவாய்புரத்துக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. மாரீஸ்வரியின் எண்தான். பேசியது வேறு குரல், கொஞ்சம் கரகரப்பு. வெங்கடேஸ்வரி.

"இதை யாரு எழுதினது?"

"அவிய லெட்டர்ல எழுதினதும்மா. நான் டைப் மட்டும்தான் அடிச்சேன்."

அந்தப் பக்கம் பீப்பிச் சத்தம் கேட்டது. தேவஇரக்கத்துக்கு முதலில் தன் காதுதான் என்று தோன்றியது. இல்லை; தளவாய்புரத்து வீட்டில் கரடி ஓடிக்கொண்டிருந்தது.

"லெட்டர் இருக்கா?"

"இல்லம்மா. அடிச்சு முடிச்சதும் கிழிச்சிருவேன். எல்லா லெட்டரையும் அப்படித்தான் செஞ்சேன்."

அவர் ஏச்சு வாங்கத் தயாராக நின்றார். ஏச்சு வரவில்லை.

"சண்டை போடாம சாப்பிடச் சொல்லியிருக்காக," என்றார் வெங்கடேஸ்வரி, யாரிடம் என்று இல்லாமல். பிறகு போனை அணைக்க மறந்து, மகளைப் பார்த்துச் சொன்னது கேட்டது: "ஏட்டி, முதல்ல இருந்து போடு. இந்த வாட்டி நீ வாசி."

தேவஇரக்கம் நோட்டை எடுத்தார். ஜூலை பதினொன்றுக்கு இடது பக்கம் 'கரடி பந்தல் போட்டது' என்று எழுதினார். வலது பக்கம் 'கார்கில்' என்பதற்குக் கீழே 'பத்தொன்பது நிமிஷம்' என்று எழுதினார். அதோடு மூடி வைத்துவிட்டார். பீப்பி இன்னும் கேட்கிறதாம்.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது, முதல் நாள் கேட்ட கேள்விக்கு என்னிடம் அவரே பதில் சொன்னார்: "நிமிஷமெல்லாம் இல்லப்பா. போன ஆளு திரும்பி வந்து, 'சொல்லிட்டேன்'னு உன் முகத்தைப் பாத்துச் சொல்லுற வரைக்கும்."

இப்போது கண்ட்ரோல் ரூம் எல்லார் கையிலும் இருக்கிறது. போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் விபத்தில் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வீடு சேருமுன் நான் உட்பட பதினோரு பேர் அவர் படம் வைத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டோம். அந்த வீட்டுப் பிள்ளையிடமும் போன் இருக்கிறது. ஆகவே ஒன்று கேட்கிறேன்: உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் இரங்கல் செய்தியை முதலில் போடுவாரோ, அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.